2005 மெடாக் பாட்டில், ஆறு பேர், 31 டிகிரி வெக்கை: எப்படித் திறக்கணும்?

வடசேரிக்காரன்

வணக்கம். கையில் பிரான்சின் போர்தோ ஊர்ப்பக்கத்து சிவப்பு வைன் ஒண்ணு இருக்கு. போர்தோவில் மெடாக்ங்கிற பகுதி, 2005 அறுவடை, 750 மில்லி, ஆல்கஹால் 13 சதவீதம். கேபர்னே சாவின்யான், மெர்லோன்னு ரெண்டு திராட்சை ரகம் கலந்தது. பிரான்சில் நிலவறையில் கிடந்த பாட்டில். போன மாசம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியா நாகர்கோவில் வந்து சேர்ந்துது. இப்போ படுக்கையறை அலமாரியில் நிக்குது. அறையில் பகல்ல 30, 31 டிகிரி. ராத்திரி மட்டும் ஏசி.

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் சேர்ந்து திறக்கலாம்னு இருக்கோம். அதில் மூணு பேருக்கு வைன்னா கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுறதுதான் தெரியும். கேள்விகள்:

எவ்வளவு குளிர்ச்சியில் ஊத்தணும்? ஜக்கில் ஊத்தி ரெண்டு மணி நேரம் வைக்கணும்னு சிலர் சொல்றாங்க, வைக்கவே கூடாதுன்னு சிலர் சொல்றாங்க, எது சரி? பழைய கார்க் உடைஞ்சா என்ன செய்ய? வீட்டில் மீன் குழம்பும் பீஃப் பிரட்டலும் வைக்கலாம்னு பேச்சு, சேருமா? கெட்டுப் போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பழைய கார்க்

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே அலமாரியிலிருந்து எடுத்திருங்க. இருபது வருஷம் குளிரில் கிடந்தது ஒரு மாசம் 30 டிகிரியில் நின்னா செத்துப் போகும்னு இல்லை, ஆனா பழ மணம் நாளுக்கு நாள் வடியும். அதைவிட மோசம் உங்க ஏசி கணக்கு. 20 டிகிரியிலிருந்து 35க்குப் போனா 750 மில்லி வைன் மூணு நாலு மில்லி விரியும். கழுத்தில் அதுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால கார்க்கைத் தள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி நடந்தா கார்க் ஓரம் லேசாகிக் காத்து போய் வரும்.

ஃபிரிட்ஜில் வைக்காதேங்கிறது வருஷக்கணக்கில் சேமிக்கிறவங்களுக்கான பேச்சு. அங்கே காத்து வறட்சி, கார்க் காயும். அஞ்சாறு நாளுக்கு ஒண்ணும் ஆகாது. கதவுத் தட்டில் வைக்காதீங்க, திறக்குற நேரமெல்லாம் ஆடும். உள்தட்டில், பின்பக்கமா, நேரா நிறுத்துங்க. படுக்க வைக்க வேண்டாம்.

நேரா நிறுத்தச் சொல்றது கசடுக்காக. டானினும் (வாயைத் துவர்க்க வைக்கிற பொருள்) நிறமியும் வருஷக்கணக்கில் ஒண்ணோட ஒண்ணு கோத்து, கனம் தாங்காம அடியில் இறங்கியிருக்கும். 2005 மெடாக்கில் அது நிச்சயம் இருக்கும். உடம்புக்குக் கேடு இல்லை, ஆனா கிளாஸில் விழுந்தா கசப்பு, நாக்கில் மண் மாதிரி நெருடும். படுத்துக் கிடந்த பாட்டிலில் அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். முழுசா அடிக்கு வர ஒரு நாளாவது வேணும், ரெண்டு நாள் நல்லது. வியாழன் ராத்திரிக்கு அப்புறம் அதைத் தொடாதீங்க.

சூடு: ‘அறை வெப்பத்தில் குடி’ன்னு சொன்னவங்க அறை 16, 18 டிகிரி. நம்ம ஊர்ல மார்கழியில் கூட பகல்ல 30ஐத் தொட்டுட்டு நிக்கும். 25க்கு மேலே போனா ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். 10 டிகிரியில் மணம் மூடிக்கிடும், டானின் துவர்க்கும். கிளாஸில் 17, 18 இருக்கணும்னா 15இல் ஊத்தணும், ஏன்னா மின்விசிறி ஓடுற நம்ம அறையில் 50 மில்லி வைன் பத்து நிமிஷத்தில் ரெண்டு மூணு டிகிரி ஏறிரும். சனிக்கிழமை 7 மணிக்குக் குடிக்கணும்னா 6 மணிக்கு வெளியே எடுங்க. சமையல் வெப்பமானி இருந்தா ஜக்கில் விட்டுப் பாருங்க. இல்லைன்னா பாட்டிலைத் தொட்டா சில்லுன்னு இருக்கணும், ஆனா வெளியே நீர்த்துளி வடியக் கூடாது. (நம்ம ஈரக்காத்தில் 24, 25 டிகிரிக்குக் கீழே எதை வச்சாலும் கொஞ்சம் வேர்க்கும். வடிஞ்சு ஓடினா இன்னும் ரொம்பக் குளிர்னு அர்த்தம்.) ஜக்கில் ஊத்தினதும் சூடேறினா, தண்ணியில் நாலு ஐஸ் கட்டி போட்ட பேசினில் ஜக்கை அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. கிளாஸில் ஐஸ் போட்டா சண்டைக்கு வருவேன்.

திறக்கும் முன்னே ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. வைன் மட்டம் எங்கே நிக்குது, கழுத்திலா தோளிலா? கார்க்குக்கு மேலே மூடியிருக்கிற தகடு கையால் திருகினா சுத்துதா?

தக்கலைக்காரி

ஜக் விஷயத்தில் நான் ரெண்டு மணி நேரக் கட்சி இல்லை, ஆனா வைக்கவே கூடாதுங்கிற கட்சியும் இல்லை. 2005 போர்தோவில் நல்ல வருஷம். வெயிலும் வறட்சியும் சேர்ந்து டானின் கெட்டியான வருஷம். கேபர்னே அதிகமான பாட்டில் இருபது வருஷத்துக்கு அப்புறமும் திறந்தவுடனே முகம் கொடுக்காது. அரை மணி நேரம் காத்துப் பட்டா மணம் திறக்கும். ஆறு பேர் உக்காந்து ஊர்க்கதை பேசி முடிக்கிறதுக்கே அரை மணி ஆகும், அதனால திறந்ததும் ஜக்கில் மாத்திரலாம்.

பழைய கார்க்

@தக்கலைக்காரி போர்தோ பல்கலைக்கழகத்தில் இருந்த வைன் ஆராய்ச்சியாளர் எமீல் பெய்னோ இதுக்கு நேர் எதிர். கசடு இருந்தா மட்டும் ஜக்கில் மாத்து, அதையும் பரிமாறுறதுக்கு முந்தி மாத்துன்னு சொன்னவர். நியாயம் இருக்கு. கிளாஸில் சுழற்றியே காத்து கொடுத்துக்கலாம், ஜக்கிலிருந்து போன மணத்தைத் திருப்பிப் பிடிக்க முடியாது. பழைய வைனில் மிச்சம் இருக்கிறதே கொஞ்சம் மணம்தான். இதில் வெக்கையில் நின்ன பாட்டில் வேற.

நடைமுறையில் ஒரு வழி இருக்கு. திறந்ததும் 20 மில்லி மட்டும், கசடு கலங்காம, ஒரு கிளாஸில் ஊத்தி ஒருத்தர் குடிச்சுப் பார்க்கட்டும். மணமே இல்லாம வாயை இறுக்கிப் பிடிச்சா ஜக்கில் மாத்தி அரை மணி வைங்க. உடனே மணம் வந்து நாக்கில் இதமா இருந்தா, ஜக்கில் மாத்தின கையோடு பரிமாறிருங்க. எப்படியும் மாத்தித்தான் ஆகணும், கசடு இருக்கே.

தக்கலைக்காரி

அது சரி. 20 மில்லியைப் பார்த்து முடிவு பண்றதுதான் முறை. மாத்துறது எப்படின்னு எழுதிருங்க, அங்கதான் ஆளுக குழப்புவாங்க.

வடசேரிக்காரன்

பார்த்தேன். வைன் மட்டம் கழுத்து முடிஞ்சு தோள் தொடங்குற இடத்தில். தகடு சுத்துது. ஆனா தகட்டுக்கு மேலே தடவினா கார்க் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாப்போல இருக்கு. கசிவு, பிசுபிசுப்பு எதுவும் இல்லை. கார்க் எடுக்கக் கையில் உள்ளது மடக்குற திருகு மட்டும்தான். வைனை மாத்தி ஊத்துற ஜாடி, டிகேன்டர்ங்கிறதும் இல்லை.

பழைய கார்க்

மட்டம் கொள்ளாம். இருபது வருஷ பாட்டிலுக்கு அந்த இடம் சரிதான். தோளின் நடுப்பகுதிக்குக் கீழே போயிருந்தாத்தான் பயப்படணும். தகடு சுத்துறதால வைன் கசிஞ்சு ஒட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் எழும்பினது அலமாரி வெக்கையா இருக்கலாம். நம்பிக்கையோட திறக்கலாம், ஆனா பக்கத்தில் இன்னொரு பாட்டில் தயாரா இருக்கட்டும்.

திறக்குறது:

தகட்டை விளிம்புக்குக் கீழ்வளையத்தில் வெட்டி முழுசா கழட்டுங்க. கழுத்து வழியா வெளிச்சம் தெரியணும், அதுக்குத்தான். கார்க் தலையில் கறுப்புப் பூஞ்சை இருந்தா ஈரத்துணியால் துடைச்சாப் போதும், நிலவறை ஈரத்தில் வந்தது.

திருகின் முனையைக் கார்க்கின் நட்டநடுவில் வச்சு நேரா இறக்குங்க. சாஞ்சு இறங்கினா ஓரம் பிய்யும். மெடாக்கில் கார்க் நீளம் அநேகமா 5 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், கீழ்ப்பாதி நனைஞ்சு இளகியிருக்கும். திருகைப் பாதியில் நிறுத்தி இழுத்தா மேல்பாதி மட்டும் கையோட வரும். கடைசிச் சுற்று வரை இறக்குங்க. பிறகு பையப் பைய, நெம்புகோலை ரெண்டு கட்டமா. கடைசி ஒரு சென்டிமீட்டரைக் கையால் அசைச்சு எடுங்க.

ரெண்டு தகட்டுக் கால் உள்ள கருவி ஒண்ணு உண்டு, ஆ-சோன்னு பேரு. நீளமான காலை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சொருகி, மாத்தி மாத்தி அழுத்தி, திருகிக்கிட்டே எடுக்கணும். இளகின கார்க்குக்கு அதுதான் நல்லது. ஆன்லைனில் கிடைக்கும். ஆனா கார்க் ஏற்கெனவே லூசா இருந்தா அது உள்ளே தள்ளிவிட்டிரும்.

உடைஞ்சா: மிச்சத்தில் திருகைச் சரிவா இறக்கி, கழுத்துச் சுவரோடு அணைச்சு இழுங்க. வராட்டி உள்ளே தள்ளிருங்க, ஒண்ணும் கெடாது. மெல்லிய கம்பி வலை வடிகட்டி வழியா ஊத்தினாப் போதும். காப்பி வடிகட்டும் காகிதம் வேணும்னா முதலில் வெந்நீர் விட்டுக் கழுவுங்க, இல்லைன்னா காகித வாடை வைனில் இறங்கும்.

ஜக்கில் மாத்துறது: டிகேன்டர் வேணும்னு இல்லை. ஒரு லிட்டர் கண்ணாடி ஜக், மசாலா வாடை இல்லாதது. போன் டார்ச்சை மேசையில் மேல்நோக்கி வச்சு, அதுக்கு நேர் மேலே பாட்டிலின் தோள் வர்ற மாதிரி பிடிங்க. மெழுகுவர்த்தியைவிட இது தெளிவு. ஒரே சாய்ப்பில், நிறுத்தாம, நூல் பிடிச்சாப்போல ஊத்தணும். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினா அலை அடிச்சு எல்லாம் கலங்கிரும். போர்தோ பாட்டிலுக்கு உயர்ந்த தோள் இருக்கிறது இங்கே கைகொடுக்கும், கசடு அந்த வளைவில் தங்கும். புகை மாதிரி ஒரு கறுத்த இழை கழுத்துக்கு வந்த நொடி நிறுத்திருங்க. 40 முதல் 60 மில்லி பாட்டிலிலேயே நிக்கும். மனசு கேக்காது, ஆனாலும் அதை ஜக்கில் சேர்க்காதீங்க. பீஃப் சட்டியில் போட்டிரலாம்.

சோதிச்ச 20 மில்லியும் போக மிஞ்சுறது 700 மில்லிக்குக் கொஞ்சம் கீழே. ஆறு பேருக்கு ஆளுக்கு 110, 115. முதல் சுற்று 50, அரை மணி கழிச்சு 40, மிச்சம் கடைசியில். இப்படி மூணா பிரிச்சாத்தான் வைன் கிளாஸில் மாறுறதைப் பார்க்க முடியும்.

கருங்கல் அடுக்களை

சாப்பாட்டுக்கு நான்.

மீன் குழம்பு வேண்டாம், அன்னைக்கு மட்டும். சிவப்பு வைனில் உள்ள இரும்புச் சத்தும் மீன் கொழுப்பும் சேர்ந்தா வாயில் துருப்பிடிச்ச வாடை எழும்பும். சாளை, அயிலை மாதிரி எண்ணெய் மீன்னா இன்னும் கூடும். அதுக்கு மேலே புளி. புளிப்பு அதிகமான கறிக்கு முன்னால பழைய வைன் வெறும் தண்ணியா தெரியும்.

பீஃப் பிரட்டல் சேரும், ஆனா நம்ம வழக்கமான அளவில் இல்லை. மிளகாய் காரம் இருந்தா ஆல்கஹால் நெருப்பா எரியும், டானின் துவர்ப்பும் கூடும். மிளகாய்த்தூளை அடியோட தவிர்த்திருங்க. ஒரு கிலோ இறைச்சிக்கு ரெண்டு ஸ்பூன் கொரகொரப்பான மிளகு, ஒரு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சோம்பு, சின்ன உள்ளி, தேங்காக்கொத்து, கறிவேப்பிலை. உப்பைச் சரியாப் போடுங்க, உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். கிராம்பும் பட்டையும் ஒண்ணு ரெண்டுக்கு மேலே வேண்டாம். கரம் மசாலா மணம் வைனை மூடிரும்.

இன்னும் பொருத்தம் ஆப்பமும் மட்டன் ஸ்டூவும். தேங்காப்பால் லேசா இனிப்பு, காரம் இல்லை, இருபது வருஷத்து இளகின டானினுக்கு அது போதும். பச்சைமிளகாயைக் கீறாம முழுசாப் போட்டு எடுத்திருங்க.

முதல் சுற்றுக்குச் சாப்பாடே வேண்டாம். வெறும் ரொட்டித் துண்டும் தண்ணியும். ஏத்தங்காய் சிப்ஸை மேசையில் வச்சா கை அங்கேதான் போகும், தேங்காயெண்ணெய் நாக்கில் படிஞ்சு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது சுற்றில் வறுக்காத அண்டிப்பருப்பு (முந்திரி), உப்பு குறைஞ்ச செடார் சீஸ் ரெண்டும் நல்லது. நீலப் பூஞ்சை சீஸ் பழைய சிவப்பை அடிச்சுப் போட்டிரும். சாக்லேட்டும் வேண்டாம்.

வீட்டில் அன்னைக்குக் கருவாடு பொரிக்காதீங்க. தோவாளைப் பிச்சிப்பூ, ஊதுபத்தி, சென்ட் எல்லாத்துக்கும் லீவு. கிளாஸை முந்தின நாளே எடுத்து மணந்து பாருங்க. ஷோகேஸில் அந்துருண்டையோட கிடந்ததுன்னா அந்த வாடைதான் வைனுக்கு வரும். சோப்பு இல்லாம வெந்நீரில் கழுவி, கவுத்துப் போடாம, துணியால் துடைச்சு வைங்க. வாய் குறுகின பெரிய கிளாஸ் வேணும். விஸ்கி டம்ளரில் மணம் நிக்காது.

மரமலைக் காத்து

புதுசா வர்ற மூணு பேருக்கு முதலிலேயே ஒண்ணு சொல்லிருங்க: இது இனிக்காது. வீட்டு வைனில் கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோன்னு சர்க்கரை போடுறோம். இந்த வைனில் லிட்டருக்கு ரெண்டு மூணு கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே அதிகம். சொல்லாம கொடுத்தா முதல் வாயிலேயே ‘கெட்டுப் போச்சு’ன்னு முடிவு கட்டிருவாங்க.

பார்க்குறது: வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாயுங்க. நடுவில் அடர் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், கொஞ்சம் ஆரஞ்சு இருந்தா வயசுக்கு ஏத்த நிறம். நடுவும் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறமா இருந்தா காத்து புகுந்து போச்சு.

மணக்குறது: ஊத்தினதும் சுழற்றாம ஒரு தடவை. லேசான மணமெல்லாம் அப்பத்தான் கிடைக்கும். பிறகு சுழற்றி ரெண்டாவது தடவை. மெடாக்கில் தேட வேண்டியது பென்சில் சீவின தூள், சீடர் மரம், புகையிலை, காய்ஞ்ச இலை, தோல், மழைக்கு அப்புறம் ரப்பர் தோட்டத்துச் சருகுக்கடியில் வர்ற காளான் வாடை. பிளாக்கரன்ட்ங்கிற கறுத்த பெர்ரிப் பழ மணம் அடியில் மெலிசா இருக்கும். கிராம்பு மணமும் வரலாம். 2021இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம கன்னியாகுமரிக் கிராம்பில் உள்ள அதே யூஜினால், தீயில் வாட்டின ஓக் பீப்பாயிலும் உண்டு. ஒரு கிராம்பை நசுக்கிப் பக்கத்தில் வச்சு மணந்து பார்த்துட்டு கிளாஸுக்கு வந்தா, புது ஆளுக்குக்கூட அது சட்டுனு பிடிபடும். மட்டி வாழைப்பழ வாடை வந்தா அது பழைய வைனுக்குரியது இல்லை, புளிச்சு ஒரு சில மாசமே ஆன இளவைனில் வர்றது.

குடிக்கிறது: ஒரு வாய், 10 மில்லி. நாக்கு முழுக்கப் பரவவிட்டு, உதட்டைக் குவிச்சு லேசா காத்து உறிஞ்சி, பிறகு முழுங்குங்க. ஈறில் இறுக்கம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, முழுங்கின பிறகு மணம் எத்தனை விநாடி நிக்குதுன்னு கவனிங்க. எல்லாரும் முதலில் பேசாம தாளில் எழுதட்டும். ஒருத்தர் ‘தோல்’னு சொன்னா மத்த அஞ்சு பேருக்கும் தோல்தான் வரும்.

இப்போ கெட்டதைக் கண்டுபிடிக்கிறது.

நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரச்சாக்கு வாடை: கார்க் நோய். டிசிஏன்னு ஒரு வேதிப்பொருள், லிட்டருக்கு நாலஞ்சு நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிக்கும். காத்துப் பட்டாப் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். இதுதான் சோதனை. பழைய பாட்டிலைத் திறந்ததும் அடைஞ்ச அறை வாடை ஒண்ணு சாதாரணமா வரும், அது பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் கரைஞ்சிரும். அதனால முதல் மணத்தை வச்சு பாட்டிலைத் தூர ஊத்திராதீங்க. பாலிதீன் தாளை ஜக்கில் போட்டுக் கலக்கினா டிசிஏ கொஞ்சம் ஒட்டிக்கிடும், உண்மைதான். ஆனா நல்ல மணத்தையும் சேர்த்தே இழுத்திரும், நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

எரிஞ்ச ரப்பர், அவிஞ்ச முட்டை: கந்தக வாடை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் புகையறை மணம் தெரிஞ்சவங்க உடனே பிடிச்சிருவாங்க. சுழற்றினா அநேகமாப் போயிரும்.

கருப்பட்டி காய்ச்சின வாடை, வெந்த பழ வாடை, நாக்கில் சப்புன்னு: வெக்கையில் வெந்தது. உங்க பாட்டிலில் நான் பயப்படுறது இதைத்தான். மதீரா தீவில் வைனை வேணும்னே 45 டிகிரிக்கு மேலே மூணு மாசம் சூடாக்கி இந்த ருசியைக் கொண்டுவர்றாங்க, ஆனா அது வேற ரகம், ஸ்பிரிட் சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டினது. மெடாக்கில் அது குறைதான். குடிக்கலாம், கேடில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவர், காடி: புளிச்சுப் போனது. லேசா இருந்தா விட்டிரலாம், கண்ணில் ஏறினா சமையலுக்குக்கூட வேண்டாம்.

மாட்டுத் தொழுவ வாடை லேசா இருந்தா பிரெட்டனோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட் வேலை. பழைய போர்தோவில் அதை விரும்பிக் குடிக்கிறவங்களே உண்டு.

வடசேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போயாச்சு. ரெண்டு கேள்வி மிச்சம். துணைக்கு நம்ம நாட்டு நாசிக் கேபர்னே வைன் ஒண்ணு வாங்கினா அதை முதலில் ஊத்தணுமா பிறகா? மிஞ்சினா எத்தனை நாள் வைக்கலாம்?

தக்கலைக்காரி

இளசு முதலில், கிழம் பிறகுங்கிறது வழக்கம். இந்த விஷயத்தில் நான் மாத்திச் சொல்வேன். மூணு நாலு வருஷ நாசிக் கேபர்னேயின் பழமும் டானினும் நாக்கைப் பிடிச்சுக்கிட்டா அதுக்கப்புறம் மெடாக் மெலிஞ்சு தெரியும். மூக்கும் நாக்கும் புதுசா இருக்கும்போது பழையதை முடிங்க. சாப்பாட்டோட நாசிக். காரம் கொஞ்சம் கூடினாலும் அது தாங்கும்.

பழைய கார்க்

ஒப்புக்கிறேன். மிஞ்சினதை மறுநாள் மதியத்துக்குள் முடிச்சிருங்க. 100 மில்லி மிஞ்சினா அதே அளவு சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஃபிரிட்ஜில். பெரிய பாட்டிலிலேயே பாதி காலியா வச்சா காலையில் மணம் இருக்காது. நாசிக் பாட்டில் அப்படியே மூடி வச்சாலும் ரெண்டு மூணு நாள் தாங்கும்.

வீட்டுக்குப் போற அஞ்சு பேருக்கும் ஆட்டோவை முன்னாடியே சொல்லி வைங்க. திறந்த பிறகு 20 மில்லி சோதனை என்ன சொல்லிச்சுன்னு இங்கே எழுதுங்க, அரை மணி வச்சீங்களா இல்லையான்னும்.

கருங்கல் அடுக்களை

ஸ்டூவா பிரட்டலான்னும் எழுதுங்க. பிரட்டல்னா அந்த 50 மில்லி கசடை இறைச்சி பாதி வெந்தப்புறம் ஊத்தி, மூடாம வத்த விடுங்க. மூடினா ஆல்கஹால் வாடை உள்ளேயே நிக்கும்.